மேலே பதினைந்தாயிரம்

ஞாயிறு மதியம், தோட்டப்பாளையம்.
பல் டாக்டர் பிரிசில்லா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நாற்காலி விளக்கை இழுத்துத் தாழ்த்துகிறாள்.
நோயாளி படுக்கிற இடத்தில் ஒரு பச்சைத் துணி.
துணிமேல் இரண்டு ரிவால்வர்,
ஆறு அறையும் காலி, வாயைப் பிளந்தபடி.

என்னுடையது வெப்ளி.
முதுகு ஒடிந்து குனிந்து திறக்கும் ஜாதி.
விளக்கேற்றினால் பூச்சி விழுமென்று
பொழுதோடு சாப்பிட்டு முடிக்கிற வீட்டில்
பீரோவின் மூன்றாம் தட்டில்
பெரியப்பா விட்டுப்போனது.
ஆரணியில் கேட்பார்கள்:
எறும்புக்கு வழிவிடும் நயினாருக்கு எதற்கய்யா இது?
ஸ்டாம்பு சேர்க்கிறவனிடம்
யாருக்குக் கடிதம் என்று கேட்பதுபோல.
சுட்டதில்லை. சுடுவதாகவும் இல்லை.
திறந்து மூடும்போது வரும் அந்த ஒலிக்காக
வைத்திருக்கிறேன் என்றால் நம்புவதில்லை.

ஜக்கரியா நம்புவார்.
மேல்விஷாரத்தில் தோல் மண்டி.
அவர் கொண்டுவந்திருப்பது கோல்ட்.
உறையில் போய்வந்து போய்வந்து
விளிம்பெல்லாம் வெள்ளியாக வெளுத்திருக்கிறது;
ஆனால் மிச்சமிருப்பது அதே நீலம்,
தொழிற்சாலையில் போட்டது.
என்னுடையதோ கன்னங்கரேலென்று மின்னுகிறது,
யாரோ எப்போதோ மறுபூச்சுப் போட்ட மினுக்கு.
"சாயம் போட்ட தலை, நயினாரே.
மாத்திக்கலாம். மேலே பதினைஞ்சு குடுங்க."

மேலே பதினைந்தாயிரம்.
கணக்குப் போடுகிறேன்.
என்னுடையதில் உடல், குழல், உருளை
மூன்றிலும் ஒரே எண்.
அவருடையதில் கைப்பிடி மாற்றியது, எருமைக் கொம்பு.
என் குழலின் புரி கூர்மை.
அவர் குழலில் உப்பு தின்ற சிறு குழிகள்.
ஆனாலும் அந்த நீலம்.
குழிக்கு எவ்வளவு கழிப்பது, நீலத்துக்கு எவ்வளவு கூட்டுவது?
புளியை நிறுக்கலாம். பட்டை முழம் போடலாம்.
பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
எங்கள் இருவரைத் தவிர
இதற்கு ஆளில்லை என்கிறபோது
சந்தை விலை என்பதுதான் எது?

பிரிசில்லா வாய்க்கண்ணாடியைக் குழலுக்குள் நீட்டுகிறாள்.
"ரெண்டுக்கும் சொத்தை இல்லை.
இதுக்கு ஈறு கொஞ்சம் சுமார்."
ஜக்கரியா சிரிக்கிறார்.
பிறகு கொக்கி ஊசியை எடுத்து
என் வெப்ளியின் மேல்தாழை வருடிக்கொண்டே வந்தாள்.
ஓரிடத்தில் ஊசி நின்றது.
தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி நின்றது.
அவள் எதுவும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும் அந்த இடம்.
பூச்சுக்கு அடியில் மயிரிழை விரிசல்.
ஆறு வருடமாக என் நகத்துக்கு மட்டும் தெரிந்தது.

சொன்னேன்.

ஜக்கரியா பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வெளியே காட்பாடி பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது.
பிறகு தன் கோல்ட்டை எடுத்து மூடி
சுத்தியை மெதுவாக, ரொம்ப மெதுவாக,
பின்னுக்கு இழுத்து இழுத்து விட்டார்.
மூன்று முறை சரி.
நாலாவது அறை வந்து சேரவில்லை;
அரிசி முனையளவு தூரத்தைக்
கட்டைவிரலால் தள்ளிவிட்டார்.
"வேகமா இழுத்தா தெரியாது.
நான் எப்பவும் வேகமாத்தான் இழுத்துக் காட்டுறது."

இரண்டு விலையும் இறங்கின.
எவ்வளவு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
"பதினைஞ்சை விடுங்க" என்றார்.
நேருக்கு நேர். நியாயம்தான்.

ஐந்தரைக்கே பஸ் ஸ்டாண்டில் புளிச்சோறு தின்றுவிட்டு
ஆரணி வண்டி ஏறினேன்.
கண்ணமங்கலம் தாண்டியதும் உறுத்தத் தொடங்கியது:
அந்த ஊசி நிற்காமல் போயிருந்தால்
வாய் திறந்திருப்பேனா?
அவருக்கு எந்த ஊசியும் நிற்கவில்லை.
இந்த வித்தியாசத்தை
எந்தப் பக்கம் சேர்ப்பது, எத்தனை ஆயிரமாக?

அனுமதி வர எத்தனை மாதமோ.
ஒரே வட ஆற்காடாக இருந்தபோது ஒரு மேசை.
இப்போது நான் திருவண்ணாமலை, அவர் ராணிப்பேட்டை,
சாட்சிக் கையெழுத்து மட்டும் வேலூர்.
அதுவரை
அவருடையது என் பீரோவில்,
என்னுடையது அவர் மண்டியில்.

இன்று பொழுது சாய்வதற்குள் எடுத்துத் துடைத்தேன்.
வழக்கத்தைவிட நன்றாகவே துடைத்திருக்கிறேன்.
தாழருகே எண்ணெய்
இரண்டு சொட்டு கூடுதல்.